திரையில் நின்ற சில வினாடிகள்

ஒரு வட்டம். அதை அணைக்க வந்து அணைக்காமல் நின்றுவிட்ட இரண்டு வளைவுகள். தூர்தர்ஷனின் சின்னத்தில் இருப்பது இவ்வளவுதான். சின்னம் என்று சொல்வதும் சரியில்லை. 1976இல் நாங்கள் பார்த்தது ஒரு சின்னத்தை அல்ல, ஒரு சம்பவத்தை. ஒன்றுமில்லாத கருந்திரை. அதில் எங்கிருந்தோ வெளிச்ச வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழன்று வரும். பின்னணியில் ஷெனாய். சுழற்சி அடங்கி, வளைவுகள் ஒன்றில் ஒன்று படிந்து, கடைசியில் உருவம் நிற்கும். நின்ற சில வினாடிகளில் போய்விடும். பிறகு அறிவிப்பாளரின் முகம். முகம் வந்ததும் கூட்டம் பேச ஆரம்பிக்கும். அதுவரை பேசாது.

கூட்டம் என்று சொன்னேன். எங்கள் தெரு சைதாப்பேட்டையில் இருந்தது. இரண்டு ரிக்ஷா ஒன்றையொன்று கடக்கலாம், அதற்கு மேல் அகலமில்லை. தெருமுனையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியதும் கடை முதலாளி துணிந்து டி.வி. விற்பனையில் இறங்கினார். டயனோரா பெட்டி ஒன்றை, கடைக்குள் ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்து, தெருவைப் பார்க்க வைத்திருந்தார். எத்தனை பேர் நின்றாலும் தலைகளுக்கு மேலே திரை தெரியும். எதிர்ச்சாரியில் சலூன். பெரிய கண்ணாடி இரண்டு, நாற்காலி இரண்டு, தினத்தந்தி ஒன்று. வேலையில்லாத சாயங்காலங்களில் என் தாய்மாமாவுக்கு அங்கேதான் வாசம்.

மாமா போர்டு எழுதுகிறவர். லாரிப் பலகை, கட்சிச் சுவர், கடை ஷட்டர், டாக்டர் வீட்டுக் கண்ணாடிக் கதவு எல்லாம் எழுதுவார். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கமிருந்து எழுத வேண்டும், அப்போதுதான் மழையில் போகாது. எழுத்து முழுவதையும் இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். அதில் அவருக்கு இணை அந்த வட்டாரத்தில் இல்லை. கோடு போடாமலே எழுதுவார்.

தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஸ்தாபனமானது 1976 ஏப்ரல் 1இல். புதுச் சின்னமும் புது முகப்பிசையும் வந்தன. மே மாத வாக்கில் முதலாளிக்குத் தன் ஷட்டரில் 'அந்த டி.வி. பொம்மை' வேண்டும் என்று ஆசை வந்தது. மாமாவிடம் நாற்பது ரூபாய் பேசினார். ஒரே ஒரு நிபந்தனை. "கீழே வர்ற இந்தி எழுத்து வேணாம் ஆர்ட்டிஸ்ட்டு. எவனாவது தார் பூசிட்டுப் போயிடுவான்." 1965 நடந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாநில ஆட்சி ஜனவரி கடைசியில் கலைக்கப்பட்டிருந்தது, நாட்டில் நெருக்கடி நிலை. முதலாளி எதையும் யோசித்துத்தான் செய்வார்.

பார்த்து எழுத அச்சிட்ட மாதிரி எதுவும் கையில் இல்லை. திரையில் பார்ப்பது ஒன்றே வழி. ஓடாத ஒன்றைப் பார்த்து வரையலாம். சுழன்று வந்து, நின்று, உடனே போய்விடும் ஒன்றை எப்படி வரைவது? மாமா நாலு சாயங்காலம் எடுத்துக்கொண்டார். கடை வாசலில் கூட்டத்தோடு நிற்கிற ஆள் இல்லை அவர். வேர்வை வாசனை ஆகாது என்பார், நாளெல்லாம் டர்பன்டைன் வாசனையில் இருந்துகொண்டு. ஷெனாய் அடங்கியதும் சலூன் படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் இரண்டு கோடு போடுவார். மறுநாள் இன்னும் ஒரு கோடு. முதல்நாள் போட்டதை அழிப்பதுமுண்டு. முதல் நாளில் வட்டத்தின் அளவு, இரண்டாம் நாளில் வளைவின் தடிமன் எங்கே கூடி எங்கே மெலிகிறது என்பது, மூன்றாம் நாளில் வட்டத்துக்கும் வளைவுக்கும் நடுவே உள்ள இருட்டு. "நடுவுல இருக்கிற இருட்டுதான்டா கஷ்டம்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, புரியவில்லை. வடிவம் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த பல கட்டுரைகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஷட்டரை இறக்கி, ஆணி, நூல், சாக்பீஸ் வைத்து வட்டம் போட்டார். மத்தியானத்துக்குள் கறுப்புத் தரையில் வெள்ளை எனாமலில் சின்னம் எழுந்து நின்றது. தெருவே வந்து பார்த்தது.

நானும் வந்தேன், கையில் ஒரு வாரப் பத்திரிகையின் கிழிந்த பக்கத்தோடு. அதில் தபால்தலை அளவில் அதே சின்னம் அச்சாகியிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வட்டம் சரி. தடிமன் சரி. இருட்டும் சரி. ஆனால் வளைவுகள் சுழலும் திசை வேறு. அச்சில் இடப்பக்கம் போவது ஷட்டரில் வலப்பக்கம் போயிற்று. முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, எல்லோருக்கும் கேட்கும்படி, "மாமா, இடம் வலமா மாறிப்போச்சு" என்றேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். வேறு எந்த எண்ணமும் இல்லை என்று இப்போதும் சொல்லலாம், ஆனால் அது முழு உண்மையல்ல. எல்லோரும் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மாமா ஷட்டரைப் பார்க்கவில்லை. நான் நீட்டிய பக்கத்தையும் பார்க்கவில்லை. ஏணியில் நின்றபடியே திரும்பித் தெருவின் எதிர்ப்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கி, பிரஷ்களைத் துடைத்தார்.

"படிக்கிற பையன் சொல்றான் பாரு" என்று சொல்லி முதலாளி இருபத்தைந்து ரூபாய் கொடுத்தார். மாற்றி எழுதச் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்றார். தெரியாதென்றால் பதினைந்து ரூபாயை ஏன் பிடித்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரி மாமா என் அம்மாவிடம், "பையனுக்குக் கண்ணு நல்லா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சின்னம் எப்படிப் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேபாஷிஸ் பட்டாச்சார்யா வரைந்தது. மாணவர்கள் எட்டுப் பேர், ஆசிரியர்கள் ஆறு பேர் என்று பதினான்கு வரைவுகள் போயின. அவற்றிலிருந்து இதைத் தேர்ந்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. அதை அசைய வைத்தவர் அதே நிறுவனத்தின் ஆர். எல். மிஸ்திரி. சின்னத்தின் பிரதிகளை எடுத்து, காமிராவுக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாகச் சுழற்றிச் சுழற்றிப் படம் பிடித்தார். பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய் வித்வான் உஸ்தாத் அலி அகமது ஹுசேன் கானும் சேர்ந்து இசை அமைத்தார்கள். ஷெனாய் என்றால் எங்கள் தெருவுக்கு ஏதோ தலைவர் இறந்துவிட்டார் என்று பொருள். அதனால் முதல் சில வாரம் அந்த ஒலி கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்து, "யாரு?" என்று கேட்பார்கள். வானொலியின் முகப்பிசையை அமைத்தவர் ஹிட்லருக்குத் தப்பி பம்பாய் வந்த வால்டர் காஃப்மன். அதற்கு எங்கள் காது பழகி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. இதற்கு அப்போதுதான் பழக வேண்டியிருந்தது.

காமிராவுக்குக் கீழே ஒருவர் கையால் காகிதத்தைச் சுழற்றியிருக்கிறார் என்ற செய்தி என்னை உலுக்கியது. அது ஏதோ யந்திரத்திலிருந்து வந்ததென்றே நம்பியிருந்தேன். ஒரு முனையில் அகமதாபாத்தில் ஒரு கை சுழற்ற, மறுமுனையில் சைதாப்பேட்டையில் ஒரு கை அதை நிறுத்த முயன்றிருக்கிறது. இடையில் இருந்தது அரசாங்கம்.

அரசாங்கம் என்றதும் என் கவிதை ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1981இல் எழுதினேன், ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. தூர்தர்ஷன் சின்னத்தை நெருக்கடி நிலையின் கண்ணாக்கி, அதற்கு இமை வைத்து, இமைக்காத அது வீடுதோறும் புகுந்து பார்ப்பதாக எழுதியிருந்தேன். நண்பர்கள் படிமம் அபாரம் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது படித்தால் கூசுகிறது. தவறு அரசியலில் இல்லை. அந்த நாட்களில் திரை யாருடைய குரலைப் பேசிற்று என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தவறு பார்வையில். நான் அந்த உருவத்தைப் பார்க்கவேயில்லை. 'கண்' என்ற சொல்லை முன்பே கையில் வைத்திருந்தேன், அதைப் போய் அங்கே ஒட்டினேன். பட்டாச்சார்யா போட்டது ஒரு வட்டமும் இரண்டு வளைவும்தான். சீனர்களின் யின்-யாங் போல எதிரெதிராகச் சுழல்பவை. கண் என்பது பின்னால் படிந்த அர்த்தம். அர்த்தம் படிவதில் குற்றமில்லை. ஆனால் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிட்டு வருவதை நம்மில் பலர் கவிதை என்று நினைத்திருந்தோம். வளைவின் தடிமன் எங்கே மெலிகிறது என்று அந்தக் கவிதையை எழுதிய அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை. மாமாவிடம் இருந்தது.

நிலைய அடையாளங்கள் முதலில் வஸ்துக்களாகவே இருந்தன. 1953இல் பி.பி.சி.க்கு ஆப்ரம் கேம்ஸ் செய்தது பித்தளையும் கம்பியுமாக இருந்த ஒரு மாதிரி, உள்ளே சுழலும் பாகத்தோடு. அதைப் படம் பிடித்துத்தான் திரையில் காட்டினார்கள். பி.பி.சி. ஒன்றின் புகழ்பெற்ற பூமிப்பந்தும் வஸ்துதான். 1969இலிருந்து அந்தப் பந்துக்குப் பின்னால் ஒரு வளைந்த கண்ணாடி. பந்து சுழலும்போது அதன் பிம்பம் கண்ணாடியில் எதிராகச் சுழலும். அதன் எதிரே ஒரு கறுப்பு-வெள்ளைக் காமிரா. திரையில் தெரிந்த நிறம் பிறகு மின்னணு முறையில் ஏற்றப்பட்டது. பந்துக்கு நிறமில்லை. 1985இல் அதை எடுத்துவிட்டுக் கணினி வரைந்த உலகத்தை வைத்தார்கள். 1982இல் தொடங்கிய சானல் ஃபோர், வண்ணக் கட்டைகள் பறந்து வந்து 4 என்ற எண்ணாகச் சேர்வதைக் கணினியிலேயே செய்துகொண்டு வந்தது. மார்ட்டின் லாம்பி-நேர்னின் யோசனை. அதைச் செய்ய அப்போது இங்கிலாந்தில் வசதி போதாமல் அமெரிக்காவுக்குப் போனார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கணினிக் கட்டை எங்கும் விழுந்து உடையாது. கேம்ஸின் பித்தளை உடையக்கூடியது. இந்த வித்தியாசம் திரையில் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிகிறது, நிரூபிக்க முடியாது.

நம் சின்னமும் நிறமில்லாமல் பிறந்ததே. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. எங்கள் தெருமுனைக் கடையும் அந்த வருஷம் ஷட்டரை நீலத்தில் அடித்தது. மாமாவின் சின்னம் அதற்கடியில் போயிற்று. வேறொருவர் எழுதினார், சரியான திசையில். அந்த நாட்களின் வேறு அடையாளங்களைச் சொல்ல வேண்டுமானால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையைச் சொல்ல வேண்டும். சின்னம் வருகை என்றால் அட்டை விலகல். இரண்டுக்கும் நடுவேதான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். காத்திருப்பதற்குத் திரையே ஒரு உருவம் கொடுத்திருந்தது.

1991க்குப் பிறகு செயற்கைக்கோள் சானல்கள். 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டி.வி. சின்னங்கள் திரையின் மூலைக்கு வந்து குடியேறியது அந்தப் பத்தாண்டில்தான். முதலில் வந்து போய்க்கொண்டிருந்தவை பிறகு போகவேயில்லை. சினிமாவின் மேல், செய்தியின் மேல், பாடுகிறவரின் தோள் மேல், சாவு ஊர்வலத்தின் மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த நிகழ்ச்சி யாருடைய சொத்து என்பதற்கான முத்திரை அது, மாட்டின் மேல் சூடு போடுவது போல. நான் 1981இல் எழுதிய இமைக்காத கண் உண்மையில் வந்தது அப்போதுதான், அதுவும் அரசாங்கத்திடமிருந்து மட்டும் அல்ல. அதைப் பற்றி நான் கவிதை எழுதவில்லை. யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எப்போதும் எதிரில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

மாமா 1998இல் இறந்தார். அதற்குச் சில வருஷத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. அவர் அதைப் பார்க்காமல் போனது நல்லது என்று உறவினர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அதையும் பக்கத்தில் போய் நின்று, புள்ளி எப்படி அடித்திருக்கிறான் என்று பார்த்திருப்பார்.

தூர்தர்ஷன் சின்னத்தை மாற்ற 2017இல் பொதுமக்களிடம் வரைவு கேட்டார்கள், பரிசு ஒரு லட்சம் ரூபாய். ஆனாலும் வட்டமும் வளைவுகளும் இன்றும் இருக்கின்றன. 2000இலிருந்து பொதிகை என்ற பெயரில் வந்துகொண்டிருந்த நம் அலைவரிசை 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆயிற்று. ஒரு மலையின் பெயர் போய் ஒரு முத்திரையின் பெயர் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், டி.டி. நியூஸின் சின்னம் சிவப்பிலிருந்து மாறியது. எதிர்த்தவர்கள் காவி என்றார்கள், நிர்வாகம் ஆரஞ்சு என்றது. நிறத்தில் என்ன அரசியல் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுத்தின் மேல் தார் பூசிய ஊர்க்காரன் அப்படிக் கேட்க முடியாது. நிறம் மாறிய விதமும் நேரமும் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் நடந்த சர்ச்சையில் வளைவுகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். நானும் பேசியிருக்க மாட்டேன், முடிவெட்டப் போகாமல் இருந்திருந்தால்.

என் வீட்டுக்குப் பக்கத்துச் சலூனில் டி.வி.யை நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர் எதிரேயுள்ள கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். பையன் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனான். மூலைச் சின்னங்கள் எல்லாம் பக்கம் மாறி, எழுத்துகள் திரும்பி வந்தன. நான் படிக்க முயன்றுகொண்டிருந்தேன். ஒரு வினாடி தூர்தர்ஷன் வந்தது. எழுத்தை விட்டு வளைவுகளைப் பார்த்தேன்.

மாமாவின் ஷட்டர்.

எவ்வளவு சுழற்றினாலும் அந்த உருவம் தன் எதிர்த்திசை உருவமாக மாறாது. காகிதத்தில் பல தடவை சுழற்றிப் பார்த்திருக்கிறேன். ஆகவே மாமா திரையில் இல்லாத ஒன்றைக் கற்பனையில் எழுதிவிட்டார் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைகளுக்கு மேலே கடைப் பலகையில் இருந்த திரையைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார். கீழே ஓடிய எழுத்து தமிழாக இருந்திருந்தால் அது திரும்பியிருப்பது அவருக்கு உடனே தெரிந்திருக்கும். நாகரி அவருக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

ஆனால் கண்ணாடிக் கதவில் எழுத்தைத் திருப்பி எழுதுகிறவர் அவர். நான் கத்திய அந்த நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. அதனால்தான் திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தார். 'சலூன் கண்ணாடியில பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும், முதலாளியும் சிரித்திருப்பார், பதினைந்து ரூபாய் ஒருவேளை வந்திருக்கும். சொல்லவில்லை. கூட்டத்தோடு நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லக் கூச்சமா, நான் சொன்னது சரியாகவே இருக்கட்டும் என்று விட்டாரா, அவர் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. கேட்க ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

பையன் சானலை மாற்றிவிட்டான். நான் கண்ணாடியையே பார்ப்பதைக் கவனித்து, "டி.வி. பாக்கணுமா சார்? சேரைத் திருப்பட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்றேன்.